ஒரு பூனைக்கு மூன்று பெயர்

அலுவலகத்தில் அவளுக்குக் கவிஞர் என்று பெயர் வைத்தது சந்தேகம். சந்தேகம் என்பதும் பட்டப்பெயர்தான். மற்றவர்கள் எழுதும் நிரலை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவன் வேலை. காலையில் யாராவது வணக்கம் சொன்னால்கூட, அதில் ஏதும் பிழை இருக்குமோ என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். அவள் இலக்கியம் படித்துவிட்டுக் கணினி வேலைக்கு வந்தவள் என்று தெரிந்த அன்றே, "வாங்க கவிஞரே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் வாழ்நாளில் ஒரு கவிதைகூட எழுதியதில்லை. அதைச் சொல்லலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் பெயர் எல்லா மேசைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாயெடுக்க அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

டயர் கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். இரண்டுக்கும் நடுவில் ஜன்னலை ஒரு பழைய விசைப்பலகையால் முட்டுக் கொடுத்து அரைகுறையாகத் திறந்து வைத்திருந்தார்கள். கால்நடை ஆஸ்பத்திரிகளுக்கான நிரல்தான் அவர்கள் தொழில். எந்த நாய்க்கு எப்போது ஊசி, எந்த முயலுக்கு எப்போது பல் தேய்ப்பு என்பதையெல்லாம் அது நினைவில் வைத்துக்கொண்டு, வளர்ப்பவர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும்.

குழுவுக்கு ஒரு தலைவி. இலக்கியத்தில் அவள் படித்த தலைவிகள் மாலை வந்தால் மெலிந்துபோகிறவர்கள். இந்தத் தலைவி மாலை வந்தால் மற்றவர்களை மெலிய வைப்பார். "இன்னைக்கு முடிக்கிறேன்னு சொன்னியே, எங்க?" என்று ஒவ்வொரு மேசையாக வருவார். ஆனால் அன்று மாலை வந்தவர் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் சோதனைக் காலம் இந்த வாரத்தோட முடியுதும்மா."

"தெரியும்க்கா."

"நீ எழுதற கம்ப்யூட்டர் கோடு ஓடுது. இல்லேன்னு சொல்லல. ஆனா மெதுவா எழுதற. புரியலேன்னா கேக்க மாட்டேங்கற. மீட்டிங்ல உன் குரல் எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது."

அவள் தலையாட்டினாள்.

"ஆனா போன வாரம் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுத்த பாரு, அதுக்கப்புறம் அவங்க போனே பண்ணல. அவங்க போன் பண்ணாத வாரம்னு ஒண்ணு இருக்கும்னே நான் நினைக்கல. அதனால சொல்றேன். உதவிப் பக்கம், விளக்கம், செய்தி எல்லாம் நீ எழுது. நிரந்தர வேலை. கோடு தொட வேண்டாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, உன் பதிலச் சொல்லு."

தலைவி எழுந்து போனார். நல்ல செய்தி சொல்லிவிட்ட திருப்தி அவர் நடையில் தெரிந்தது.

அவளுக்கோ அது நல்ல செய்தியாகப் படவில்லை. எந்த ஊருக்குப் போகக் கூடாதென்று பஸ் ஏறினாளோ, அதே ஊருக்கே வண்டியைத் திருப்புகிறார்கள்.

எழுத்தின் மேல் அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. பட்டம் வாங்கினாள், மேல்பட்டம் வாங்கினாள், ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடமும் நடத்தினாள். கட்டுரைகள் எழுதினாள். அவை அச்சாகி, அட்டை போட்டு, அலமாரிக்குப் போயின. யாரும் சரி என்று சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஒருமுறை ஆய்வுக்காகப் பழைய நூல்களின் சொற்களை அகரவரிசைப்படுத்த வேண்டியிருந்தபோது, இணையத்தில் பார்த்துப் பார்த்து ஒரு சின்ன நிரல் எழுதினாள். முதலில் அது தப்பு என்றது. முகம் சுளிக்காமல், நக்கல் அடிக்காமல், எந்த வரியில் தப்பு என்றும் சொன்னது. திருத்தினாள். சொற்களெல்லாம் கண்ணெதிரே எழுந்து வரிசையில் நின்றன. அவள் எழுதிய ஒன்று நடந்தது. அன்று அவள் சாப்பிட மறந்துபோனாள். அதற்கப்புறம்தான் மாலை வகுப்பு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சு, நேர்காணல்கள், கடைசியில் இந்த டயர் கடை மாடி.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் குழாய் வேலை செய்கிறவர்.

"எழுத்து வேலையா? அவங்களா கூப்பிட்டுக் குடுக்கறாங்களா?"

"ஆமாப்பா."

"நான் சொன்னேன்ல!" என்று அம்மாவைப் பார்த்தார். "படிப்பு வீணாப் போகாதுன்னு சொன்னேனா இல்லையா? எல்லா வீட்லயும்தான் பிள்ளைங்க கம்ப்யூட்டர் தட்டுது. நம்ம வீட்ல ஒண்ணு இலக்கியம் படிச்சுது." அப்புறம்தான் மகள் முகத்தைக் கவனித்தார். "ஏன்டா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"எனக்கு அது வேணாம்ப்பா. கோடு எழுதணும்."

"பின்ன எதுக்கும்மா அவ்ளோ படிச்ச? தெரு முழுக்க, என் பொண்ணு புத்தகம் எழுதப் போறான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நீங்க சொன்னதுக்கு நான் என்னப்பா பண்றது?"

"தெருவோட நிறுத்தினாரா?" என்றாள் அம்மா. "குழாய் மாட்டப் போற வீட்லயெல்லாம் அதே பேச்சுதான். அடுத்த தடவை தண்ணி ஒழுகினாக்கூட வாளியை வெச்சுட்டுச் சும்மா இருக்காங்களாம். இவரைக் கூப்பிட்டா காது போயிடும்னு."

அப்பா சிரிக்கவில்லை. "நல்லா வர்ற ஒண்ணை விட்டுட்டு வராத ஒண்ணு பின்னாடி ஓடறது எனக்குப் புரியலம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது அதிகம் வலித்தது. வராத ஒன்றா? ஒருவேளை அப்படித்தானோ?

மறுநாள் வெள்ளிக்கிழமை. என்ன சொல்வதென்று படிக்கட்டில் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினாள். மேலே போனால், தலைவி போனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எதிர்முனையில் ஆஸ்பத்திரி வரவேற்பாளர்.

"ஒருத்தர் வந்து உக்காந்திருக்காருங்க. போன மாசம் அவர் பூனை இங்கதான் செத்துப்போச்சு. இன்னைக்குக் காலைல, 'உங்கள் பூனைக்குத் தடுப்பூசி நாள், அழைத்து வாருங்கள்'னு நம்ம செய்தி போயிருக்கு. திட்டினாக்கூடப் பரவால்லங்க. வாயே திறக்கல. போனை என் முன்னாடி நீட்டிக்கிட்டே இருக்காரு."

"இறந்துவிட்டதுன்னு ஒரு பொத்தான் வெச்சுக் குடுத்தோமே, அதை அழுத்தினீங்களா?"

"அன்னைக்கே அழுத்தியாச்சு. நான்தான் அழுத்தினேன்."

தலைவியின் முகம் மாறியது. அந்தப் பொத்தானுக்கான நிரலை எழுதியது அவரே. போனை வைத்துவிட்டுக் கணினியில் உட்கார்ந்தார். எல்லாரும் பின்னால் கூடி நின்றார்கள்.

"நிரல்ல எங்கெல்லாம் அனிமல்னு வருதோ, அங்கெல்லாம் தேடித் தேடி, உயிரோட இருக்கான்னு பார்க்கச் சொல்லி ஒரு வரி போட்டேன்" என்றார் திரையைப் பார்த்தபடி. "ஒண்ணுகூட விடலியே… இரு. இந்தச் செய்தி அனுப்பற பகுதி யாரு எழுதினது?"

"நான்" என்றாள் அவள்.

"இதுல அனிமலே இல்லியே. பேஷண்ட்னு இருக்கு. யாரு பேஷண்ட்? ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளா?"

"இல்லக்கா. அதே… பூனைதான்."

"பதிவு பண்ற பகுதியும் நீதானே எழுதின? அங்க அனிமல்னு எழுதிட்டு இங்க ஏன் பேஷண்ட்?"

பதில் அவளுக்குத் தெரியும். சொன்னால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். "ஒரே வார்த்தையையே திரும்பத் திரும்ப எழுதினா… படிக்க நல்லாயிருக்காதுன்னு."

சந்தேகம் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கவிஞரே, கம்ப்யூட்டர் உங்க நடையைப் பாராட்டும்னு நினைச்சீங்களா? எனக்கே வீட்ல ஒரு பேர்தான் வெச்சாங்க!"

கட்டுரையில் ஒரு சொல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை வந்தால் பேராசிரியர் சிவப்புக் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குப் பயந்தே அவள் கை பழகியிருந்தது. நிரல் எழுதும்போதும், அனிமல் அளவுக்கு மீறி வந்துவிட்டது என்று தோன்றிய இடத்தில் கை தானாகவே வேறு சொல்லைத் தேடியிருக்கிறது. தலைவி தேடிய வலையில் அந்தப் பகுதி விழவேயில்லை. ஏனென்றால் அங்கே விலங்குக்குப் பெயர் வேறு.

"போதும், சிரிச்சது" என்றார் தலைவி. "இதை நானும் படிச்சுட்டுத்தானே சரின்னு விட்டேன். என் கண்ணுக்கும் படல." இரண்டு மூன்று வரிகளைத் தட்டினார். சந்தேகத்திடம் சோதிக்கச் சொன்னார். அவன் ஒரு பொய்ப் பூனையைப் பதிவு செய்து, அதைச் சாகடித்து, காத்திருந்தான். ஊசிச் செய்தி வரவில்லை.

"முடிஞ்சுது. இப்ப அந்த மனுஷனுக்கு மன்னிப்புச் செய்தி ஒண்ணு போகணும். அதை நீ எழுதும்மா." பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பார்த்தியா? இதுக்குத்தான் சொன்னேன். திங்கட்கிழமையிலேருந்து நீ எழுத்துப் பக்கம் வந்துடு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

ஒத்திகை பார்த்த வாக்கியமெல்லாம் படிக்கட்டோடு போயிற்று. தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து எழுதினாள்.

"உங்கள் பூனை இறந்தது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இந்தச் செய்தியை அனுப்பிவிட்டோம். தவறு எங்களுடையது. மன்னிக்க வேண்டும். பூனையைப் பற்றி இனி எங்களிடமிருந்து எந்தச் செய்தியும் உங்களுக்கு வராது."

படித்துப் பார்த்தாள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. அனுப்பலாம்.

விரல் நின்றது.

இனி எந்தச் செய்தியும் வராது. உண்மையா? ஊசிச் செய்தி வராது, அதைச் சந்தேகம் பார்த்துவிட்டான். ஆனால் அவள் எழுதியிருப்பது ஊசிச் செய்தி என்று அல்ல, எந்தச் செய்தியும் என்று. ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருந்தால், அழகாக முடிந்தது என்று அடுத்த பத்திக்குப் போயிருப்பாள். இந்த வாக்கியத்தை எங்கோ ஒருவர் கையில் போனோடு படிக்கப் போகிறார். படித்துவிட்டு நம்பப் போகிறார். அதை உண்மையாக்குகிற வேலை மன்னிப்புக் கடிதத்தில் இல்லை, நிரலில் இருக்கிறது.

அவள் எழுந்தாள். தலைவியின் மேசைவரை நடந்தாள். நடக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள், இல்லாவிட்டால் போய்ச் சேர்வதற்குள் வாய் பூட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, செய்தியை இப்ப அனுப்ப வேணாம்."

தலைவி நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரரும் பார்த்தார். அவள் குரல் அவர்களுக்குப் புதிது.

"இனி எந்தச் செய்தியும் வராதுன்னு எழுதிட்டேன். அது நிஜம்தானான்னு தெரியல. மொத்த நிரலையும் ஒரு தடவை முழுசாப் படிக்கணும். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"மொத்தமுமா? அதை யாரும்மா முழுசாப் படிச்சிருக்கா? தேவையானதைத் தேடி எடுத்துத்தான் எல்லாரும் பாக்கறோம்."

"தேடினா, தேடற பேர்தானே கிடைக்கும். நான் வேற என்ன பேரெல்லாம் வெச்சேன்னு எனக்கே நினைவில்லக்கா. அதான் படிக்கணும்கறேன்."

தலைவி பேனாவால் மேசையைத் தட்டினார். "அந்த வரியை மாத்தி எழுதிட்டா முடிஞ்சுதே. 'ஊசிச் செய்தி வராது'ன்னு போட்டுடு. பொய் இல்ல."

"பொய் இல்லதான். ஆனா அவருக்கு அது போதாதுக்கா."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "சாயங்காலம் வரைக்கும்தான்" என்றார்.

அவள் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். தடித்த நாவலைக் கையில் எடுத்தவள்போல, எதையும் தாண்டாமல், பிடிக்காத இடத்தையும் விடாமல் படித்தாள். அலுப்பான பக்கங்களைப் படிப்பதில் அவளுக்கு வருஷக்கணக்கில் பயிற்சி உண்டு. ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. தலைவியின் வரிகள் அவரைப் போலவே நறுக்கென்று நின்றன. வேலையை விட்டுப் போனவர் ஒருவர் எழுதிய பகுதி வளவள என்று இருந்தது. தன்னுடையதற்கு வந்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது, அவ்வளவு அலங்காரம்.

டயர் கடையில் மதியச் சாப்பாட்டுக்குச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து அவள் கை மேசையில் ஓங்கி விழுந்தது. சந்தேகம் திரும்பினான்.

"என்ன கவிஞரே, அடிக்கறீங்க?"

"இங்க வாங்க. இதைப் பாருங்க."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் எழுதிய ஒரு சின்னப் பகுதி. பிறந்தநாள் வாழ்த்து. வளர்ப்புப் பிராணிகளுக்குப் பிறந்தநாள் வந்தால், அன்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாழ்த்துச் செய்தி போகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆசைப்பட்டுக் கேட்டது. அங்கே அந்த விலங்குக்கு அவள் வைத்திருந்த பெயர் அனிமலும் இல்லை, பேஷண்ட்டும் இல்லை. செல்லப்பிராணி என்ற பொருளில், பெட்.

சந்தேகம் செத்துப்போன அந்தப் பூனையின் பதிவைத் திறந்தான். பிறந்த தேதியைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது.

"அடுத்த வாரம்" என்றான். "மன்னிப்புக் கேட்டுட்டு, இனி வராதுன்னும் சொல்லிட்டு, அடுத்த வாரம் அந்தச் செத்த பூனைக்கு ஹேப்பி பர்த்டே அனுப்பியிருப்போம்."

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றான் அவன்.

"முதல்ல சரி பண்ணிடறேன். அப்புறம் நானே சொல்றேன்."

பேஷண்ட், பெட் இரண்டையும் அடியோடு எடுத்தாள். எல்லா இடத்திலும் அனிமல். திரை நிறைய அனிமல், அனிமல், அனிமல். பேராசிரியர் பார்த்தால் பேனா மை தீர்ந்துவிடும். படிக்க நன்றாகவே இல்லைதான். ஆனால் இப்போது தேடினால் ஒன்றுகூடத் தப்பாமல் வந்து நின்றது. உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதையும் ஊரெல்லாம் இறைத்து வைக்காமல், செய்தி வெளியே போகிற ஒரே வாசலில் வைத்தாள். இனி யார் என்ன பெயரில் எதை எழுதினாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சந்தேகம் தன் வேலையைத் தொடங்கினான். நாய், பூனை, முயல், கிளி, ஆமை என்று பதிவு செய்து, ஒவ்வொன்றாகச் சாகடித்து, ஊசிச் செய்தி, வாழ்த்து, ரசீது, எல்லாவற்றையும் அனுப்ப முயன்று பார்த்தான். ஒன்றும் போகவில்லை. செத்ததை உயிர்ப்பித்துப் பார்த்தான். போயிற்று. மறுபடி சாகடித்தான். போகவில்லை.

"இன்னைக்கு நான் செஞ்ச கொலைக்கு நரகத்துல தனி ரூமே குடுப்பாங்க" என்றான், நாற்காலியில் சாய்ந்தபடி. "ஆனா ஒரு சந்தேகமும் இல்லீங்க. சரியா இருக்கு."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வந்ததை அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அவள் போய்த் தலைவியிடம் பிறந்தநாள் விஷயத்தைச் சொன்னாள். எதையும் குறைக்காமல், தான் வைத்த மூன்றாவது பெயரையும் சேர்த்துச் சொன்னாள். தலைவி கேட்டுக்கொண்டார். எழுந்து வந்து அவளுடைய கணினியில் உட்கார்ந்து, திருத்தியதை ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் ஒரு முறை, "இந்த வாசல் வெச்சது நல்லாயிருக்கு" என்றார். பாராட்டு என்று அவரிடமிருந்து வருவது அந்த அளவுதான்.

"இப்ப அனுப்பு" என்றார்.

அவள் மன்னிப்புச் செய்தியை அனுப்பினாள். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பதில் எதுவும் வரவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அவர் படித்துவிட்டார் என்பதற்கான அடையாளம் மட்டும் திரையில் தெரிந்தது.

தலைவி நாற்காலியைவிட்டு எழவில்லை. "இன்னைக்கு உன் பதிலச் சொல்லச் சொல்லியிருந்தேன்."

"கோடு எழுதறேன்க்கா."

"தப்பு பண்ணது நீ. அதுவும் சாதாரணத் தப்பு இல்ல."

"ஆமாக்கா. அந்தத் தப்பை இனி பண்ண மாட்டேன். வேற ஏதாவது பண்ணுவேன்." சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் திரும்பப் பெற மனம் வரவில்லை. "கேட்டுக்கிட்டே பண்றேன். கேக்காம இருந்ததுதான் என் தப்பு."

தலைவியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "சோதனைக் காலத்தை நீட்டிக்கறேன். நிரந்தரம் இப்ப இல்ல. சம்மதமா?"

"சம்மதம்."

நிரந்தரத்தை விட்டுவிட்டு நீட்டிப்பை வாங்கிக்கொண்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக நிற்பதை அந்த மாடி அதற்குமுன் பார்த்திருக்காது. வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்ற கவலை மெல்ல எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் அப்பா. அப்புறம் போகிற வீடெல்லாம், செத்த பூனைக்குச் செய்தி போகாமல் என் மகள்தான் தடுத்தாள் என்று ஆரம்பித்துவிடுவார்.

"எல்லாம் சரி" என்றார் தலைவி. "உதவிப் பக்கமெல்லாம் இனி யாரு எழுதறது?"

பழைய அவளாக இருந்தால் பேசாமல் நின்றிருப்பாள். கடைசியில் அதுவும் அவள் தலையிலேயே விழுந்திருக்கும்.

"அவங்கவங்க செஞ்சதை அவங்கவங்களே எழுதட்டும்க்கா. நான் படிச்சுப் பார்த்துத் திருத்திக் குடுக்கறேன்."

அறை முழுக்க முனகல் எழுந்தது. "ஐயோ, என்னை விட்ருங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர். தலைவி யோசித்தார். "நல்ல யோசனைதான். சந்தேகம், நீ முதல்ல ஆரம்பி. சோதிக்கறது எப்படின்னு ஒரு பக்கம்."

அலுவலகம் காலியாகும் நேரத்தில் சந்தேகம் ஒரு தாளோடு அவள் மேசைக்கு வந்தான். தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தான்.

"முதல் வரியே நகர மாட்டேங்குது. 'பொத்தானை அழுத்தவும்'னு போட்டா, எந்தப் பொத்தான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க."

"'மேலே உள்ள பொத்தான்'னு போட்டா? மேல நாலு இருக்கே."

"அப்போ எதுன்னு எழுதுங்க."

"அழுத்தினப்புறம் ஒண்ணும் நடக்கலேன்னா என்ன பண்றதுன்னு கேப்பாங்களே?"

"கண்டிப்பாக் கேப்பாங்க. அதையும் எழுதுங்க."

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுக்குப் பதிலா நான் இன்னும் ஒரு நூறு நாயைச் சாகடிச்சுட்டுப் போயிடுவேன்" என்று புலம்பிக்கொண்டே தன் இடத்துக்குப் போனான்.

போனவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பவில்லை. பேனாவின் மூடியைக் கடித்தபடி உட்கார்ந்து, அடுத்த வரியை எழுத ஆரம்பித்தான்.